அகழிச் சேற்றுக்கு ஏன் சட்டப் பாதுகாப்பு? இங்கிலாந்தின் இடைக்கால மேனர் தலங்கள்

இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் பகுதிகளில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்குகிறவர், அதைச் சுற்றி நிற்கும் அகழியைத் தூர்வார நினைத்தால் அமைச்சர் மட்டத்து அனுமதி தேவைப்படலாம். நிலம் அவருடையது. நீரும் அவர் நிலத்தில்தான் நிற்கிறது. அள்ளப்போவதோ சேறு. ஆனாலும் அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்கினால் அது கிரிமினல் குற்றம். அதே அகழியை அவர் இருபது வருடம் கவனிக்காமல் விட்டு, கரையில் மரம் முளைத்து, மண் சரிந்து, நீர் வற்றிப்போனால் அவர்மீது எந்த வழக்கும் வராது.

இந்த இரண்டும் ஒரே சட்டத்திலிருந்து வருகின்றன. அகழியை எதற்காக வெட்டினார்கள், அதற்குள் இன்று என்ன எஞ்சியிருக்கிறது, சட்டம் அதில் எதைக் காக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் இந்தக் குழப்பம் விலகும்.

## அகழித் தலம் என்றால் என்ன?

இடைக்கால இங்கிலாந்தில் மேனர் என்பது ஒரு பிரபுவின் நில நிர்வாக அலகு. குடியானவர்களின் வாரம், வேலைக் கடமை, சிறு வழக்குகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. அதன் நடுவே இருந்தது மேனர் வீடு. அந்த வீட்டையும் அதைச் சேர்ந்த களஞ்சியம், சமையற்கட்டு, வாயில் கட்டடம் ஆகியவற்றையும் சுற்றி அகலமான பள்ளம் வெட்டி நீர் நிறுத்தியிருந்தால் அது அகழித் தலம். நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தைத் ‘தீவு’ என்றும், பள்ளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ‘கை’ என்றும் தொல்லியலாளர்கள் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் மட்டும் இப்படிச் சுமார் 6,000 தலங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் இவை மிக நெருக்கமாக இருக்கின்றன. அதற்கு மண் ஒரு முக்கியக் காரணம். சஃபோக்கிலும் எசெக்ஸிலும் பனியாறுகள் விட்டுச்சென்ற கனமான களிமண் கிடக்கிறது. அதில் பள்ளம் வெட்டினால் தனியாகத் தளம் போடாமலே நீர் நிற்கும். மணற்பாங்கான இடத்திலோ களிமண் கொண்டுவந்து மிதித்து அடைக்க வேண்டும், அல்லது ஓடையை வாய்க்கால் வெட்டித் திருப்ப வேண்டும்.

நீர் பல வழிகளில் வந்தது: ஊற்று, ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால், சுற்று வயல்களின் மழை வடிகால். மிகுந்த நீர் மதகு வழியாக வெளியேறும். பல இடங்களில் அந்த நீர் அடுத்திருக்கும் மீன் குளங்களுக்குப் போனது. வெள்ளிக்கிழமையும் தவக்காலத்திலும் இறைச்சி தவிர்த்த சமூகத்தில் மீன் குளம் முக்கியமான சொத்து.

வேலையின் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டருக்கு 50 மீட்டர் தீவு. சுற்றிலும் மேல் அகலம் 10 மீட்டர், அடி அகலம் 4 மீட்டர், ஆழம் 2 மீட்டர் உள்ள அகழி. குறுக்குவெட்டுப் பரப்பு 14 சதுர மீட்டர், நடுக்கோட்டு நீளம் 240 மீட்டர். ஆக, வெட்ட வேண்டிய மண் 3,360 கன மீட்டர். ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக நாளுக்கு 3 கன மீட்டர் களிமண் எடுத்தால் 1,120 ஆள்நாள். 20 பேர் சேர்ந்தால் 56 நாள். ஒரு சிறு பிரபுவுக்கு இது கைக்கு எட்டும் செலவுதான். அதனால்தான் இத்தனை அகழிகள் இருக்கின்றன.

## அரணா, அந்தஸ்தா?

அகழி என்றதும் கோட்டையும் முற்றுகையும் நினைவுக்கு வரும். மேனர் அகழிகளில் பெரும்பாலானவை போருக்கு உதவாது. 2 மீட்டர் ஆழ நீர் திருடனையும் ஓநாயையும் கலகக் கும்பலையும் கொஞ்ச நேரம் தடுக்கும், படையைத் தடுக்காது. பல அகழிகளில் ஒரு பக்கம் திறந்தே இருக்கிறது.

உண்மையான நோக்கம் அந்தஸ்து. ராஜாவிடம் அரண் கட்ட உரிமம் வாங்குவதே ஒரு கௌரவம். யார்க்‌ஷயரின் மார்க்கன்ஃபீல்ட் ஹாலுக்கு அந்த உரிமம் 1310இல் கிடைத்தது. ஷ்ராப்‌ஷயரின் ஸ்டோக்சே மாளிகைக்கு 1291இல் உரிமம் வாங்கிய லட்லோ லாரன்ஸ் ஒரு கம்பளி வணிகர். பிரபு வம்சம் இல்லாதவருக்கும் பணம் சேர்ந்ததும் அரண் போன்ற தோற்றம் தேவைப்பட்டது. 1482இல் உரிமம் பெற்ற நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரா ஹாலில், நீரில் நிழல் விழும்படி உயர்ந்த செங்கல் வாயில் கோபுரத்தில் பெரிய ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். தாக்குதலுக்குப் பயந்தவர் அங்கே அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க மாட்டார்.

இதைப் பார்த்து, காடு திருத்திக் குடியேறிய வசதியான விவசாயிகளும் சிறிய அகழிகளை வெட்டினார்கள். வார்விக்‌ஷயரின் ஆர்டன் பகுதியில் இப்படிப்பட்டவை ஏராளம். ஒரு கிராமப்புறத்தில் செல்வம் யார் கையில் இருந்தது, எப்படிப் பரவியது என்பதை ஆவணங்களைவிட அகழிகளின் வரைபடம் சில இடங்களில் தெளிவாகக் காட்டுகிறது. என் கணிப்பில், இவற்றைக் காப்பதற்கான மிக வலுவான காரணமும் அதுதான். கதீட்ரல்களும் பெருங்கோட்டைகளும் ராஜாக்களின் வரலாறு. அகழி வீடுகள் நடுத்தட்டின் வரலாறு. எழுத்தில் மிகக் குறைவாகப் பதிவான வரலாறு.

## சேற்றுக்குள் என்ன இருக்கிறது?

இன்று பெரும்பாலான தலங்களில் வீடு இல்லை. மரச்சட்டமும் மண்சுவருமாகக் கட்டியவை மறைந்துவிட்டன. புல்வெளியில் ஒரு சதுரப் பள்ளம் மட்டும் தெரியும். ஆனால் தகவல் எல்லாம் மூன்று இடங்களில் அடைந்து கிடக்கிறது.

1. அகழியின் அடிவண்டல். நீருக்கடியில் இருக்கும் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. மரத்தையும் தோலையும் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே பிழைக்காது. அதனால் தோல் காலணி, மரக் கிண்ணம், பழக்கொட்டை, தானிய விதை, வண்டின் இறக்கை ஓடு, மகரந்தம் ஆகியவை எழுநூறு ஆண்டு கழித்தும் கிடைக்கின்றன. பாலத்தின் மரத் தூண்களும் இங்கேதான் இருக்கும். அவற்றின் ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் எப்போது வெட்டப்பட்டது என்று கண்டறியலாம். பட்டை வரை மரம் கெடாமல் இருந்தால் அந்த வருடத்தையே சொல்லலாம்.

2. தீவின் மேல்மண். சுவர் அடித்தளம், தூண்குழி, அடுப்பு, தரை எல்லாம் பல இடங்களில் புல்லுக்கு 20, 30 சென்டிமீட்டர் அடியிலேயே கிடக்கின்றன. கலப்பைக் கொழு இறங்கும் ஆழமும் ஏறக்குறைய இதுதான்.

3. தீவுக்கும் வெளிக்கரைக்கும் அடியில் புதைந்த பழைய தரை. அகழி வெட்டும்போது எடுத்த களிமண்ணை அள்ளிப் போட்டதும் அதற்கு முந்தைய நிலம் மூடப்பட்டுவிட்டது. அகழிக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இடைக்காலத்திலும் அகழிகளைத் தூர்வாரினார்கள். ஆகவே அடியில் இருக்கும் வண்டல் பெரும்பாலும் கடைசித் தூர்வாரலுக்குப் பிந்தையது. அதற்கு முந்தைய படிவு மூலைகளிலும், பாலத்தின் அடியிலும், சரிந்த கரைச்சுவருக்குப் பின்னாலும் மட்டும் ஒதுங்கியிருக்கும். வேலையைச் சுத்தமாக முடிக்க நினைக்கும் இயந்திர ஓட்டுநர் கடைசியாக வழித்தெடுப்பதும் இதே மூலைகளைத்தான்.

நீர் வற்றினால் இன்னொரு ஆபத்து வருகிறது. சேறு காய்ந்து வெடிக்கும்போது காற்று உள்ளே போகும். நூற்றாண்டுகளாகக் கெடாமல் இருந்த மரம் பிறகு வேகமாக மட்கிவிடும். திரும்ப நீர் நிரப்பினாலும் இழந்தது வராது.

## சட்டம் எதைக் காக்கிறது?

பிரிட்டனில் தொல்சின்னச் சட்டம் 1882இல் தொடங்கியது. 1913 சட்டம் அதற்குப் பல் கொடுத்தது. ஆனாலும் அதன்கீழ், அரசின் தொல்சின்னப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னத்தில் கை வைக்க விரும்பும் உரிமையாளர் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். இப்போது நடைமுறையில் உள்ள 1979ஆம் ஆண்டுச் சட்டம்தான் ‘அறிவிப்பு’ என்பதை ‘அனுமதி’ என்று மாற்றியது. 1986இல் தொடங்கிய தேசிய அளவிலான மறுஆய்வுத் திட்டத்தில் அகழித் தலங்கள் ஏராளமாகப் பார்வையிடப்பட்டு, எல்லை வரைபடத்தோடும் விளக்கத்தோடும் பட்டியலில் சேர்ந்தன.

தேர்வுக்கு எட்டு அளவுகோல்கள் உண்டு: காலம், அரிதான தன்மை, ஆவணச் சான்று, அருகிலுள்ள சின்னங்களோடு உள்ள தொடர்பு, எஞ்சியிருக்கும் நிலை, எளிதில் சிதையக்கூடிய தன்மை, கூறுகளின் பன்முகம், எதிர்கால ஆய்வுக்கான வாய்ப்பு. நீர் நிற்கும் அகழிக்குக் கடைசி அளவுகோலில் மதிப்பு கூடுகிறது. பாரம்பரியச் சின்னங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு பரிந்துரைக்கும். முடிவு பண்பாட்டுத் துறை அமைச்சருடையது.

நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை:

1. எல்லை. வழக்கமாக அகழியின் வெளி விளிம்புக்கு அப்பால் 2 மீட்டர் பட்டை, தாங்குதலுக்கும் பாதுகாப்புக்கும் என்று சேர்க்கப்படுகிறது. வேலி, தார்ப்பாதை போன்றவற்றை விலக்கியிருந்தாலும் அவற்றின் கீழிருக்கும் மண் பாதுகாப்பில்தான் இருக்கும்.

2. வீடு. காவலாளி தவிர வேறு யாராவது குடியிருக்கும் வீட்டைத் தொல்சின்னமாகப் பட்டியலிட இந்தச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே தீவின்மீது மக்கள் வாழும் மேனர் வீடு இருந்தால், வீடு, பழமையான கட்டடங்களைக் காக்கும் தனிச் சட்டமான ‘லிஸ்டட்’ கட்டடச் சட்டத்தின் கீழும், அதன் அடியிலும் சுற்றிலும் இருக்கும் மண் தொல்சின்னச் சட்டத்தின் கீழும் வரும். ஒரே வாசலுக்கு இரண்டு சட்டம். கூரையை மாற்ற உள்ளூர் மன்றத்தின் அனுமதி. கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட அமைச்சரின் அனுமதி. பாலம் போன்ற ஒரே கட்டுமானம் இரண்டு பட்டியலிலும் இருந்தால் தொல்சின்ன அனுமதியே போதும்.

3. எந்த வேலைக்கு அனுமதி? இடித்தல், சேதப்படுத்தல், அகற்றுதல், மாற்றுதல், நீரில் மூழ்கடித்தல், மண் கொட்டுதல். இவற்றோடு பழுதுபார்த்தலும் சேரும். நல்லெண்ணத்தோடு கரைச்சுவரைப் பூசுவதும் அனுமதிக்கு உட்பட்டது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டடம் கட்டுவதற்கு வாங்கும் திட்ட அனுமதி இதிலிருந்து தனி. ஒன்று இருப்பதால் மற்றொன்று கிடைத்ததாக ஆகாது.

4. மெட்டல் டிடெக்டர். நில உரிமையாளர் சம்மதித்தாலும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பட்டியலிட்ட இடத்தில் பயன்படுத்துவது குற்றம்.

5. தண்டனை. அனுமதியில்லா வேலைக்கு அபராதம். தெரிந்தே சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை.

6. பட்டியலில் சேர்ந்ததால் பொதுமக்களுக்கு உள்ளே நுழையும் உரிமை வந்துவிடாது. உரிமையாளருக்குப் பராமரிக்கும் கடமையும் வராது.

முதல் பத்தியில் சொன்ன முரண்பாட்டின் வேர் இந்த ஆறாவது அம்சம். சட்டம் கையைத் தடுக்கிறது, கவனிப்பைக் கட்டாயமாக்கவில்லை.

## சட்டம் தடுக்காத சேதங்கள்

அகழித் தலங்களைக் கரைப்பவை பெரும்பாலும் சட்டப்படி நடப்பவை, அல்லது யாரும் செய்யாமலே நடப்பவை.

உழவை எடுத்துக்கொள்வோம். 1994ஆம் ஆண்டு ஆணைப்படி, முந்தைய சில ஆண்டுகளில் சட்டப்படி உழுதுவந்த அதே இடத்தை, அதே ஆழத்துக்குத் தனி அனுமதி இல்லாமலே உழலாம். ஆழ உழவு, வடிகால் வேலை, மரம் நடுவது, பிடுங்குவது ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சரிவில் மேல்மண் ஆண்டுதோறும் கழுவிப்போகிறது. கொழு இறங்கும் ஆழம் அதேதான் என்றாலும், அது தொடுவது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் புதிய படிவை. ஆணை எழுதியபடியே நடக்கும் விவசாயிகூட முப்பது வருடத்தில் ஒரு மேனர் வீட்டின் தரையை முழுக்கச் சீவிவிட முடியும். சிதையும் நிலையில் உள்ள பாரம்பரியத் தலங்களைக் குறித்து 2008 முதல் வெளியாகும் ஆபத்துப் பட்டியலில், தொல்லியல் தலங்களுக்கு உழவும் கட்டுப்பாடற்ற புதர், மர வளர்ச்சியுமே முதன்மைக் காரணங்களாக இருந்துவருகின்றன. இந்தச் சலுகை விலக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உழவை நிறுத்தி நிலத்தைப் புல்வெளியாக்க ஊக்கத்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. அவை விருப்பத்தின் பேரில் சேர்பவை மட்டுமே.

மரம் இரண்டு வழியில் கெடுக்கிறது. வேர் படிவுகளைக் கிழிக்கும், நீரையும் உறிஞ்சும். புயலில் சாய்ந்தால், வேர்த்தட்டோடு சேர்ந்து கீழிருக்கும் தூண்குழிகளும் பெயர்ந்து வரும். 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட ஆஷ் என்ற மரத்தைத் தாக்கும் நோயால், தீவுகளில் நிற்கும் அந்த மரங்கள் பட்டுப்போய்த் தாமாகவே விழுகின்றன. விழுவதற்கு முன்பே தரையோடு வெட்டி, அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. கட்டையைப் பிடுங்கினால் புயல் செய்வதை நாமே செய்கிறோம்.

பேட்ஜர் என்ற வளைதோண்டி விலங்குக்கு மேட்டுநிலத்தின் மென்மண் பிடிக்கும். ஒரு குடும்பம் பல கன மீட்டர் மண்ணை வெளியே தள்ளும். ஆனால் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ஜரையும் காக்கிறது. வளையை மூட, இயற்கைப் பாதுகாப்பைக் கவனிக்கும் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பின் உரிமம் வேண்டும். கால்நடைகளில் செம்மறி ஆடு புல்லைக் குட்டையாக வைத்து உதவும். மாடு மழைக்காலத்தில் கரையை மிதித்துச் சேறாக்கும்.

பக்கத்து வயல் வடிகாலுக்குச் சட்டத்தில் தீர்வே இல்லை. அகழிக்கு அப்பால் 2 மீட்டரோடு பாதுகாப்பு எல்லை முடிகிறது. அங்கிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒருவர் தம் வடிகாலை ஆழப்படுத்தினால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும், அகழி வற்றும். பட்டியலிட்ட எல்லைக்குள் யாரும் காலே வைக்கவில்லை என்பதால் அது குற்றமாகாது.

## தூர்வாருவதென்றால் எப்படி?

அனுமதி கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். முறையான திட்டத்தோடு போனால் கிடைக்கும். ஒழுங்கு இப்படி:

1. முதலில் வற்றியதற்கான காரணத்தைத் தேடுங்கள். மதகு உடைந்திருக்கலாம், வாய்க்கால் அடைத்திருக்கலாம். நீர் வரத்துச் சரியில்லாமல் தூரை மட்டும் எடுத்தால் வெற்றுப் பள்ளம்தான் மிஞ்சும்.

2. கைத்துளைக் கருவியால் ஒவ்வொரு கையிலும் குறுக்காகப் பல இடங்களில் வண்டல் மாதிரி எடுக்க வேண்டும். மேலே கறுப்பான, இலை மட்கிய தளர்சேறு இருக்கும். அது அண்மைக் காலத்தது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இறுகிய வண்டல், அதற்கும் கீழே இயற்கைக் களிமண். எடுக்கக்கூடியது மேலடுக்கு மட்டும். அதிலும் கீழ்ப்பகுதியைக் காப்புப் படலமாக விட்டுவைக்க வேண்டும்.

3. நீரை ஒரேயடியாக இறைக்கக் கூடாது. வீட்டுச் சுவர் நேராக அகழியிலிருந்து எழும் இடங்களில், வெளியிலிருந்து நீர் கொடுத்த அழுத்தம் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர் சட்டென்று இறங்கினால் உள்ளே ஈரமண் வெளியே தள்ளும், சுவர் பிதுங்கும். பகுதி பகுதியாகத் தடுத்து, மெதுவாக இறக்க வேண்டும்.

4. நீண்ட கை உள்ள இயந்திரம், பல் இல்லாத அகலத் தொட்டி. இயந்திரம் வெளிக்கரையில் நிற்க வேண்டும், தீவில் ஏறக் கூடாது. கரைச்சரிவையும் அடிக்களிமண்ணையும் தொட்டால் நீர் கசியும். மூலைகளையும் பாலம் இருந்த இடத்தையும் விட்டுவிட வேண்டும். தொல்லியலாளர் உடன் நின்று பார்ப்பது வழக்கமான நிபந்தனை.

5. எடுத்த சேற்றைத் தீவிலோ எல்லைக்குள்ளோ கொட்டக் கூடாது. அது தனிக் குற்றம். வேறெங்கே போடுவது என்பதற்குக் கழிவு விதிகளைப் பார்க்க வேண்டும்.

6. காலம். பறவைகள் கூடு கட்டுவது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பாதுகாக்கப்பட்ட கொண்டை நியூட் என்ற வாலுள்ள நீர்நிலவாழ்வி கோடை முடியும்வரை நீரில் இருக்கும். பேட்ஜர் உரிமம் வழக்கமாக ஜூலை முதல் நவம்பர் வரைதான். மூன்றும் ஒத்துவருவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் கனரக இயந்திரம் களிமண்ணில் புதைந்து கரையைக் குலைக்கும். ஆகவே ஆய்வு, விண்ணப்பம் எல்லாவற்றையும் முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

## பட்டியலில் இல்லாத அகழிகள்

6,000 தலங்களில் எல்லாம் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றை ஒவ்வொரு மாவட்டமும் தன் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் குறித்துவைக்கிறது. அங்கே வீடோ சாலையோ கட்ட யாராவது விண்ணப்பித்தால், திட்ட அதிகாரிகள் அந்தப் பதிவைப் பார்த்து முதலில் அகழாய்வு செய்யச் சொல்லலாம். பட்டியலிட்டதற்கு நிகரான முக்கியத்துவம் நிரூபணமானால் அதே அளவு எடை தரும்படி தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது.

ஆனால் உழவும் வடிகாலும் சட்டத்தின் பார்வையில் ‘கட்டுமான வளர்ச்சி’ ஆகாது. விண்ணப்பமே வராத இடத்தில் அதிகாரி பார்க்க எதுவும் இல்லை. அகழியை மண் போட்டு நிரவி வயலோடு சேர்த்துவிட்டால், மறுபடி அது தெரிவது வறட்சிக் கோடையில் மட்டும்தான். நிரவிய பள்ளத்தில் ஈரம் தங்குவதால் அங்கே பயிர் கூடுதல் பசுமையாக நிற்கும்; வானிலிருந்து படம் எடுத்தால் சதுரம் துல்லியமாக விழும். அப்படிக் கண்டறிந்த தலங்களில் அடிவண்டல் இன்னும் ஈரமாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றைப் பட்டியலில் சேர்க்கும்படி யார் வேண்டுமானாலும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் வான்படம், பழைய நில வரைபடம், மேனரைக் குறிப்பிடும் ஆவணம் ஆகியவற்றை இணைத்து, தலத்துக்கு இப்போது என்ன ஆபத்து என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.